படத்தைத் திருத்துவது பொய்யாகுமா?



சென்ற தவக்காலத்துக்குச் சற்று முன்பு நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மரித்தார். இளமை முதல் கடல் தொழில் செய்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, 80 வயதைத் தாண்டி, அதிக நோயின்றிப் போய்ச் சேர்ந்தவர். முப்பதாம் நாள் பூசைக்கு அவருடைய படத்தை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்று குடும்பத்தார் ஆசைப்பட்டார்கள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் அவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட அகப்படவில்லை. அந்தக் காலத்து மனிதர். படம் பிடிக்கக் கூப்பிட்டால் வலையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். ஆதார் அட்டையில் ஒரு படம் இருந்தது. அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரவர் அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில், மூத்த பேத்தி புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த கூட்டப்படம் ஒன்று கிடைத்தது. பதினாலு வருஷத்துக்கு முந்தியது. ஸ்டூடியோக்காரர் அன்று கொடுத்த சிடி, அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கோவிலின் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பின்வரிசையில் நம் பெரியவர். முன்னால் நின்றவர் ஒரு கைக்குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறார். அந்தக் குழந்தை கையை நீட்டியதில் பெரியவருடைய இடது காது முழுவதும் மறைந்துபோயிற்று. முகமோ நடுப்பகல் வெயிலில் கரிக்கட்டைபோல் இருக்கிறது. இதிலிருந்து ஒரு முகத்தை எடுத்துத் தரவேண்டும். இந்த இதழின் பக்கங்களை அமைத்துத் தரும் தம்பியைத் தேடிக்கொண்டு அந்த அம்மாளும், மருமகளும், மூத்த மகனும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். அவர்கள் யார் எவர் என்று நீங்கள் தேடவேண்டாம். அந்த அம்மாளின் உத்தரவு பெற்றே இதை எழுதுகிறேன்.

அன்று மாலை இரண்டு மணி நேரம் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று நான் பார்த்தவை என் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டன. குருமடத்தில் பொய்யைப் பற்றி எத்தனையோ பாடம் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு முகத்தில் ஒரு விரற்கடை இடத்தைத் தொடுவது பொய்யாகுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இன்றோ உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் இதற்கான கருவி இருக்கிறது. ஆகையால் உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்கலாமென்று எண்ணினேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லுகிறேன். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது கோடுகளும் நிறங்களுமல்ல, எண்களின் கூட்டம். சாதாரணமாக ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். நம் பெரியவருடைய கன்னத்தில் அந்த எண்கள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் கிடந்தன. படம் முழுவதையும் வெளிச்சமாக்கினாலோ பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் கண்ணைப் பறிக்கும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மறைந்துபோகும். ஆகவே முகத்தை மாத்திரம் பிரித்தெடுக்க வேண்டும். இந்தப் பிரித்தெடுத்தலைத்தான் ‘செலக்‌ஷன்’ என்கிறார்கள். லாஸோ என்ற கருவியால் தம்பி முகத்தைச் சுற்றிக் கோடு இழுத்தான். கோடு முடிந்ததும் அது சிறு சிறு கோடுகளாக உடைந்து, எறும்புச் சாரைபோல் ஊர்ந்துகொண்டே இருந்தது. இதற்கு எறும்பு ஊர்வலம் என்றே பெயராம். 1984ஆம் ஆண்டு ஆப்பிள் கம்பெனியின் மக்கின்டாஷோடு வந்த மக்பெயின்ட் என்ற நிரலில் பில் அட்கின்சன் என்பவர் இதைப் புகுத்தினார். பிற்பாடு தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர் இருவர் உண்டாக்கி, 1990இல் அடோபி கம்பெனி வெளியிட்ட போட்டோஷாப்பிலும் அதே எறும்புகள் ஊர்ந்தன, இன்றும் ஊர்கின்றன.

எறும்புகளுக்கு உள்ளே இருப்பதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வெளியே இருப்பதன் மேல் ஒரு தூசும் படியாது. ஆனால் கோட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் திருத்தியது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் விளிம்பை இறகுபோல் மெல்லக் கரையவிடுகிறார்கள். அதற்கு மேல் மாஸ்க் என்று ஒன்று. படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத கறுப்புத் திரையை விரித்து, எங்கே திருத்தம் வேண்டுமோ அங்கே மாத்திரம் பிரஷ்ஷால் வெள்ளை பூசுகிறார்கள். தவறிப்போனால் மீண்டும் கறுப்பைப் பூசி மூடிவிடலாம். அடியிலுள்ள படம் கெடாது. தம்பி இதையெல்லாம் செய்யும்போது நம் ஊர்ப் பெண்கள் மீனின் செவுளைப் பிரிப்பது என் நினைவுக்கு வந்தது. அவ்வளவு சுறுசுறுப்பு, அவ்வளவு கவனம்.

பிறகு கொஞ்சங்கொஞ்சமாக முகத்தின் எண்களை உயர்த்தினான். நாற்பது, ஐம்பது, அறுபது. இருட்டுக்குள்ளிருந்து முதலில் நெற்றி வந்தது, பிறகு மூக்கின் இரு பக்கத்திலும் உள்ள கோடுகள், பிறகு கண்கள். வெயிலுக்குக் கூசி இடுங்கிய கண்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “போதும் தம்பி, அவர்தான்” என்றாள்.

இங்கே சற்று நிற்போம். அந்தக் கணம்வரை நடந்தது பொய்யா? தம்பி ஒரு படத்தை மாற்றினான் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் படம்தான் முதலில் உண்மை சொல்லவில்லையே! காமிராவின் வெளிச்ச அளவுகோல் தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவரைக் கண்டதும், வெளிச்சம் அதிகமென்று மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. சுவர் பிழைத்துக்கொள்ளும், கறுத்த மனிதன் முகம் மறைந்துபோகும். பிலிம் காலத்திலும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில் கோடாக் கம்பெனி நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பி, அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று ஸ்டூடியோக்களைப் பார்க்கச் சொன்னது. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே “காமிரா பொய் சொல்லாது” என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புகிறவனல்ல. அதுவும் ஒரு பக்கம் சார்ந்த சாட்சிதான். ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற பேர்போன புகைப்படக்காரர் 1941இல் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதைப் பிடித்தார். அதே நெகட்டிவிலிருந்து வருஷக்கணக்காகப் படம் போட்டபோது, இருட்டறையில் வானத்தின் மேல் மாத்திரம் அதிக வெளிச்சம் விழவிட்டு அதை வரவரக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். கம்ப்யூட்டர் வருமுன்னரே, ஒரு துண்டு அட்டையும் இரண்டு கையுமே செலக்‌ஷனாக இருந்த காலம் அது.

ஆகவே அம்மாள் “அவர்தான்” என்று சொன்ன இடம்வரை தம்பி செய்தது, காமிரா விழுங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. இதைப் பொய் என்பவனோடு நான் வாதாடத் தயார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பக்கத்தில் நின்ற மருமகள், “இன்னும் கொஞ்சம் வெளுக்க வைங்க தம்பி, நாலு பேர் பார்க்கிற படம்” என்றாள். தம்பியும் வழக்கப்படி கையை நகர்த்தினான். எண் எழுபது, தொண்ணூறு, நூற்றுப்பத்து. முகம் மஞ்சள் பூசியதுபோல் ஆயிற்று. பிறகு ஸ்டூடியோவில் தொங்கும் மாப்பிள்ளைப் படம்போல் ஆயிற்று. அம்மாள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். “இது யாரு?” என்று கேட்டாள். கோபத்தோடு கேட்கவில்லை, மெய்யாகவே தெரியாதவள்போல் கேட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. தம்பி கையைப் பின்னுக்கு இழுத்தான்.

அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். கருவி அதே கருவி. கோடும் அதே கோடு. கை நகர்ந்த திசையும் அதே திசை. ஆனால் ஓர் இடத்துக்கு முன்னால் அது நன்மை. அதற்குப் பின்னால் அது அவரை அவமானப்படுத்துவது. இத்தனை வருஷம் வெயிலில் நின்று நம்மையெல்லாம் போஷித்த தோலைப் பார்த்து “நாலு பேர் முன்னால் இது ஆகாது” என்று சொல்லுவது அவமானமன்றி வேறென்ன? மருமகள்மேல் நான் குறை சொல்லவில்லை. நல்ல பெண், மாமனாரைக் கடைசிவரை கவனித்தவள். நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். பெண் பார்க்க அனுப்பும் படம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம், எதிலாவது நம் ஊர் நிறத்தை நம் ஊர் நிறமாக விட்டிருக்கிறோமா? பிறகு நேரில் பார்க்க வந்தவர்கள் காப்பியை மாத்திரம் குடித்துவிட்டுப் போனால், தலைகுனிந்து நிற்பது யார்? படத்தை வெளுக்க வைத்தவர்களல்ல, அந்தப் பெண்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ப்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பின விளையாட்டு வீரர், தம் முன்னாள் மனைவியையும் வேறொருவரையும் கொன்றாரென்று கைது செய்யப்பட்டார். போலீசார் எடுத்த ஒரே படத்தை இரண்டு பெரிய வாரப் பத்திரிகைகள் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் உள்ளபடியே போட்டது. டைம் பத்திரிகை அவர் முகத்தைக் கறுப்பாக்கி, ஓரங்களை இருட்டாக்கிப் போட்டது. இரண்டும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோதுதான் ஜனங்கள் திடுக்கிட்டார்கள். விசாரணை நடக்குமுன்னரே மனிதனைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறீர்களா என்று பெரிய கண்டனம் எழுந்தது. மறுவருஷம் நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எத்தனையோ அபிப்பிராயங்கள் உண்டு, அது இப்போது நம் விஷயமல்ல. அங்கே ஒருவனைக் கெட்டவனாகக் காட்டக் கறுப்பைக் கூட்டினார்கள். இங்கே ஒருவனை நல்லவனாகக் காட்டக் கறுப்பைக் குறைக்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதானே?

மறுபடியும் நம் பெரியவரிடம் வருவோம். முகம் சரியாயிற்று. இனிமேல் காது. குழந்தையின் கையை நீக்கவேண்டும். நீக்கினால் அந்த இடத்தில் ஏதாவது வைக்கவேண்டும். தம்பி யோசித்தான். வலது காது நன்றாகத் தெரிகிறதே! அதைச் சுற்றிக் கோடு இழுத்து, பிரதி எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி இடது பக்கத்தில் ஒட்டினான். திருப்பியதால் வெயிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. அதையும் பிரஷ்ஷால் சரிப்படுத்தினான். வேலை வெகு நேர்த்தி. நான்கூட “பேஷ்” என்றேன்.

அம்மாள் தலையை அசைத்தாள். “அந்தக் காதில் ஒரு கிழிசல் உண்டு, சாமி” என்றாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் தூண்டில் முள் மாட்டிக் காதின் நுனி கிழிந்துபோயிற்றாம். தைக்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளே கடலுக்குப் போனாராம். “அந்தக் கிழிசலைப் பிடித்துத்தான் பிள்ளைகள் எல்லாம் விளையாடும்” என்றாள்.

தம்பி தளரவில்லை. இப்போதெல்லாம் யந்திரமே நிரப்பித் தரும் என்றான். அது மெய்தான். 2002இல் ஹீலிங் பிரஷ் என்ற கருவி வந்தது. பக்கத்துத் தோலின் நயத்தை எடுத்துத் தழும்பின்மேல் நெய்துவிடும். 2010இல் வந்த பதிப்பில், ஓர் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால் சுற்றியுள்ளதைப் பார்த்து அதுவே நிரப்பிக்கொண்டது. 2023 முதலோ, இன்னது வேண்டுமென்று வார்த்தையால் எழுதினாலே வரைந்து தருகிறது. தம்பி ‘கிழிந்த காது’ என்று எழுதிப் பார்த்தான். யந்திரம் அடுத்தடுத்து மூன்று காதுகளைக் காட்டியது. ஒன்றைவிட ஒன்று அழகு. மூன்றிலும் கிழிசல் வெவ்வேறு இடத்தில். இவை யாருடைய காதுகள்? உலகத்தில் ஒருவருடையதுமல்ல. யந்திரத்துக்கு அந்தக் காது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. நம்மில் யாராவது அப்படிப் பேசினால் அவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவோமா?

பொய் எது என்று அர்ச். அகுஸ்தீனார் சுமார் 395ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அவருக்கு எண்ணூறு வருஷத்துக்குப் பின் வந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ் பொய்யை மூன்றாகப் பிரித்தார்: விளையாட்டுக்குச் சொல்லுவது, ஒருவருக்கு உதவியாகச் சொல்லுவது, ஒருவருக்குத் தீங்காகச் சொல்லுவது. தீமையின் அளவு மூன்றிலும் ஒன்றல்ல, மூன்றும் பொய்தான். நாவினால் மாத்திரமல்ல, செய்கையினாலும் அடையாளத்தினாலும் பொய் சொல்லலாமென்றும் அவர் காட்டுகிறார். படம் ஓர் அடையாளமல்லவா? அதே சமயம், உண்மை முழுவதையும் எல்லாரிடமும் சொல்லக் கடமையில்லை. மௌனமாயிருப்பது பொய்யல்ல என்பதும் அவர்கள் போதனையே. படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவது பெரும்பாலும் மௌனம். இல்லாத காதை ஒட்டுவது பேச்சு. (ஓரத்தை வெட்டியும் அயோக்கியத்தனம் செய்யலாம், மௌனத்தாலும் ஒருவனைத் தூக்குமரத்துக்கு அனுப்பலாம். அதையும் மறக்கவேண்டாம்.)

“இவ்வளவு சிறிய இடத்துக்கு இவ்வளவு பெரிய தர்க்கமா சாமி?” என்று நீங்கள் கேட்கலாம். இடத்தின் அளவு இங்கே கணக்கல்ல என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன். நார்சிசோ கொன்ட்ரேராஸ் என்ற மெக்ஸிகோ தேசத்துப் புகைப்படக்காரர், சிரியா யுத்தத்தை உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்து அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்தவர். 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர். அந்த வருஷம் அவர் எடுத்த ஒரு படத்தில், போர்வீரன் ஒருவன் அருகே, படத்தின் இடது மூலையில், கூட வந்த நிருபரின் வீடியோ காமிரா தரையில் கிடந்தது. அது கண்ணை உறுத்தவே, பக்கத்திலிருந்த கற்களையும் மண்ணையும் பிரதி எடுத்து அதை மூடிவிட்டார். யாருக்கும் தீங்கில்லை. போரின் செய்தியிலும் மாற்றமில்லை. பிற்பாடு அவரே அதைத் தெரிவித்தார். 2014 ஜனவரியில் நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவருடைய சுமார் 500 படங்களைச் சோதித்துப் பார்த்ததில் வேறெதிலும் குற்றமில்லை. இருந்தும் முடிவு மாறவில்லை. எனக்கு அந்த மனிதன்மேல் இரக்கம் உண்டு. தண்டனை கடுமையென்றே ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் நிறுவனத்தின் நியாயத்தையும் தள்ள முடியவில்லை. ஒரு கல் ஒட்டப்பட்டது என்று தெரிந்தபின், அடுத்த படத்தில் கிடக்கும் பிணத்தை யார் நம்புவார்?

யுத்தப் படம் சாட்சி; குடும்பப் படமும் சாட்சியா? 2024 மார்ச்சில் இங்கிலாந்து இளவரசி கேட், தம் பிள்ளைகளோடு இருக்கும் படமொன்றை அன்னையர் தினத்துக்கு வெளியிட்டார். மகளின் சட்டைக் கை ஓரிடத்தில் பொருந்தாமல் இருந்ததைக் கண்டு பெரிய செய்தி நிறுவனங்கள் அன்றிரவே படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. மறுநாள் அவர், தாமே திருத்திப் பார்த்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். எந்தத் தாயும் செய்யக்கூடியதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் அப்போது அவர் உடல்நிலையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாயிருந்தது. “நான் நலமாயிருக்கிறேன்” என்பதற்குச் சாட்சியாகவே உலகம் அந்தப் படத்தைப் பார்த்தது. சாட்சியாகப் பார்க்கப்படும்போது சட்டைக் கையும் கனத்துப்போகிறது.

முகப்பருவையும் தூசியையும் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பரு நாலு நாளில் தானே போய்விடும். அதைப் படத்தில் நிரந்தரமாக்கவேண்டிய கடமை யாருக்குமில்லை. என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் பங்கு விழா மலரில் வந்த என் படத்தில் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தையும் முன்தலையின் நிலைமையையும் தம்பி தானாகவே கவனித்துக்கொண்டான். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மலரைக் கையில் வாங்கிய ஒரு பாட்டி, “இது சாமியோட தம்பிங்களா?” என்று கேட்டாள். இன்றுவரை அதற்கு நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்தபோது ஒரு வீட்டார், வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போன மகனைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் நின்ற இடத்தில் இப்போது திரைச்சீலை. தங்கையின் தோள்மேலிருந்த அவன் கைகூட இல்லை. இது புதிய வழக்கமல்ல. ரஷ்யாவில் ஸ்டாலினோடு கால்வாய்க் கரையில் நின்று படமெடுத்துக்கொண்ட ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்தப் படத்திலிருந்து மறைந்துபோனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். அங்கே கொடுங்கோலன் செய்ததை இங்கே கண்ணீரோடு ஒரு தகப்பன் செய்தான். ஐந்து வருஷம் சென்று, பேரக்குழந்தை பிறந்து, கோபம் தணிந்து, மகனும் வீடு திரும்பினான். அந்தத் தகப்பன் ஸ்டூடியோவுக்குப் போய், “அவனைத் திரும்ப வைக்க முடியுமா?” என்று கேட்டான். மூலப் படம் அழிந்துபோயிருந்தது. இப்போதைய முகத்தைப் படமெடுத்து ஒட்டலாம் என்றார்கள். வேண்டாமென்று வந்துவிட்டான்.

ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். எதைத் திருத்தினாலும் மூலத்தை அழிக்காதீர்கள். மேலே எத்தனை திரை வேண்டுமானாலும் விரியுங்கள். அடியிலுள்ளதைத் தொடாமல் தனியாகச் சேமித்து வையுங்கள். அச்சிட்ட படத்தின் பின்பக்கத்தில், இன்ன இடம் திருத்தப்பட்டது என்று ஒரு வரி பேனாவால் எழுதுங்கள். படத்துக்கு நம்மைவிட ஆயுள் அதிகம். திருத்தியது தெரிந்தவர்கள் எல்லாம் போனபிறகு, தெரியாதவர்கள் கையில் அது தனியாக நின்று பேசும்.

இந்தக் காரணத்தால்தான் இன்னொரு விஷயத்தில் என்னால் கடுமையாயிருக்க முடியவில்லை. பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோன குழந்தைக்கு இருந்தது ஒரே படம், மூக்கில் குழாய். தாய் அந்தக் குழாயை எடுத்துத் தரச் சொன்னாள். குழாய்க்கு அடியில் மேலுதடு எப்படியிருந்ததென்று காமிராவுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. ஊகித்தே வரைந்தான். காதை வேண்டாமென்ற நான் இதை ஏன் தடுக்கவில்லை? அந்தத் தாய் ஏமாறவில்லை. குழாய் இருந்ததை அவளைவிட நன்றாய் அறிந்தவர் யார்? ஊகித்த முகத்தை அவள் யாருக்கும் சாட்சியாகக் காட்டப்போவதுமில்லை, பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். இரண்டு படங்களும் ஒரே உறையில் இருக்கின்றன. இந்த வித்தியாசம் போதுமா என்று பண்டிதர்கள் கேட்கலாம். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த எனக்குப் போதும்.

காதின் விஷயத்திலோ தீர்ப்புச் சொன்னது நானல்ல, அந்த அம்மாள்தான். மூன்று காதுகளையும் பார்த்தாள். “எனக்குத் தெரியும் சாமி, இது பொய்க்காது என்று. கைப்பிள்ளையாயிருக்கிற பேரனுக்குத் தெரியாதே. அவன் இதைத்தான் தாத்தா என்று நினைப்பான்” என்றாள். பிறகு தம்பியிடம், “அந்தப் பிள்ளை கையை அப்படியே விட்டுவிடு ராசா” என்றாள்.

தம்பி எல்லாக் காதுகளையும் அழித்தான். குழந்தையின் கைக்குச் சற்று அப்பால் படத்தை வெட்டினான். அந்தப் படம்தான் முப்பதாம் நாளில் உங்கள் கைக்கு வந்தது. பெரிதாகப் போட்டு அவர்கள் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். கறுத்த முகம், இடுங்கிய கண், இடது காதை மூடிக்கொண்டு ஒரு சின்னக் கை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அது யாருடைய கை என்று கேட்கிறார்கள். சென்ற வாரம் நான் போயிருந்தபோதும் ஒருவர் கேட்டார். பத்தாவது படிக்கிற மூத்த பேரன் உள்ளேயிருந்து எழுந்து வந்து, தன் வலது கையை விரித்துக் காட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டான்.